ஃபிலிமைக் கெடுத்தவள்

கொடியில் துணி காயப்போட்ட விதத்திலேயே அவள் எப்படிப்பட்ட பெண் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. முகாமுக்கு வந்த மறுநாளே உள்ளாடைகளைத் துவைத்து, முகாமை நடத்துகிற சாரும் காவலுக்கு இருக்கிற வாச்சர்களும் டீ குடிக்க உட்காருகிற பெஞ்சுக்கு நேர் எதிரே, முற்றத்துக் கம்பியில் வரிசையாகப் போட்டிருந்தாள். நான் அடுக்களையிலிருந்து ஓடிப்போய் ஒரு தோர்த்துத் துண்டை விரித்து மூடிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் தோர்த்து தனியாக ஓரத்தில் காய்கிறது. மற்றதெல்லாம் பழையபடி வெயிலில் ஆடுகின்றன.

"மேல துணியப் போட்டு மூடினா எப்படிக்கா காயும்? வெயில் படவேண்டாமா?"

"ஆம்பிளைங்க இருக்க எடமாக்கும் மக்ளே."

"அவாளும் துணி உடுத்தறவாதானே? இதெல்லாம் பாத்ததே இல்லையா?"

பெஞ்சில் இருந்த இரண்டு வாச்சர்கள் டீ கிளாசுக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்கள். கூசிப்போனது அவர்களும் நானும்தான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி போய்விட்டாள்.

பொன்முடிக்கு ஏறுகிற சாலையை விட்டு உள்ளே வெகுதூரம் போனால் ஒரு பழைய தேயிலை எஸ்டேட் வரும். அதன் மேல் எல்லையில், காடு தொடங்குகிற இடத்தில், ஓடு சரிந்த ஒரு பங்களாவை எடுத்து ஆராய்ச்சிக்காரர்கள் முகாம் வைத்திருந்தார்கள். கீழே எங்கள் லயம். தென்காசிப் பக்கமிருந்தும் நாகர்கோவில் பக்கமிருந்தும் கொழுந்து பறிக்க வந்தவர்களின் வரிசை வீடுகள்தான் லயம். எஸ்டேட் பாதி மூடிப்போய்ச் சம்பளம் வராத வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் காட்டில் தீ பார்க்கிற வாச்சர் வேலைக்குப் போனார். நான் முகாமில் சமைக்கப் போனேன். நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆண்களிடம் பேசவேண்டி வந்தால் சுவரைப் பார்த்துப் பேசுவேன். எனக்கு அடுக்களை போதுமாக இருந்தது.

அங்கே நடந்த வேலையைச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். காட்டில் தீ வைத்துப் பார்ப்பதுதான் வேலை. வருஷமெல்லாம் தீ அணைக்கிற என் வீட்டுக்காரரையே கூட்டிப்போய், "கொளுத்து" என்றார்கள். வனத்துறையில் அனுமதி வாங்கி, நாலு மூலையிலும் கல் நட்டுச் சாயம் பூசி, தீ தாண்டாதபடி சுற்றிலும் புல்லைச் செதுக்கிவிட்டு, ஒரு துண்டை எரிப்பார்கள். பக்கத்துத் துண்டை எரிக்காமல் விடுவார்கள். பிறகு மாதக்கணக்காக இரண்டையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எரிந்த இடத்தில் முதலில் எந்தப் புல் முளைக்கிறது, எந்தப் பறவை இறங்குகிறது, எந்த மிருகம் வருகிறது, எது இடத்தை விட்டுப் போய்விடுகிறது என்று. இதைக் கற்றுக்கொள்ளத் தீக்காலம் வந்தால் காலேஜ் பிள்ளைகள் வருவார்கள். இன்டர்ன்ஷிப் என்று அவர்கள் சொல்வார்கள். எங்கள் லயத்தில் அவர்களுக்கு டிரெயினிங் பிள்ளைகள் என்று பெயர்.

பெரும்பாலும் பையன்கள்தான் வருவார்கள். அந்த வருஷம் இவள் வந்தாள். கீழே பட்டணத்தில், கிழக்கேகோட்டையில் கோயிலை ஒட்டிய அக்ரஹாரத்துத் தெருவில் வீடு. எம்.எஸ்ஸி. முடிக்கப்போகிற பெண். எல்லாரும் என்னைச் சேச்சி என்றபோது அவள் மட்டும் அக்கா என்றாள்.

அவளுக்குக் கூச்சம் என்பதே கிடையாது. திமிர் இருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. அது திமிர் இல்லை. சின்னக் குழந்தைகள் எதையும் தொட்டுப் பார்க்கிற மாதிரிதான் அவள் எதையும் கேட்டாள். "கேட்டா என்னக்கா, வாய் கோணிக்குமா?" என்பாள். இதை ஒரு நாளைக்குப் பலதடவை சொல்வாள்.

ஒருநாள் அரிசி புடைக்க முறத்தைத் தேடுகிறேன், காணவில்லை. முற்றத்தில் வெயிலில் இருக்கிறது. அதன்மேல் வரிசையாக, கறுப்பும் சாம்பலுமாக, மிருகங்களின் எச்சம்.

"அய்யோ, என்ன பிள்ள இது! நாம சோறு திங்கற முறமாக்கும்!"

"மரநாய் போட்டது அக்கா. உள்ள என்ன விதை இருக்கு பாருங்கோ. எரிஞ்ச எடத்துல இதுதான் போய் விதைச்சுட்டு வரது. இந்தாங்கோ, மோந்து பாருங்கோ, நாத்தமே இல்ல, பழ வாசனைதான்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அதை மூக்கின்கீழ் வைத்து ரசித்து முகர்ந்தாள். அக்ரஹாரத்தில் பிறந்த பெண்! அன்று முழுக்க எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சிரித்தேன் என்பதும் உண்மை. புது முறம் ஒன்று பட்டணத்துச் சாலைக் கடைத்தெருவில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

சாரிடம் அவள் பேசுவதைக் கேட்டால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். சார் நல்ல மனுஷன், கோட்டயம் பக்கத்துக்காரர், மெதுவாகப் பேசுவார். ஆனாலும் அவர் சொன்னதற்கு எதிர்த்துச் சொல்ல வாச்சர்கள் பயப்படுவார்கள். இவள் எல்லார் முன்னாலும், "சார், அதுல எனக்கொரு சந்தேகம், நீங்க சொல்றது சரியில்லேன்னு தோணறது" என்பாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பறயூ மோளே" என்று சொல்லச் சொல்வார். சிலசமயம் அவள் சொல்வதை ஒத்துக்கொள்ளவும் செய்வார்.

இன்னொரு நாள் டீ நேரத்தில், எல்லாரும் இருக்கும்போது, என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"அண்ணா, நீங்க அக்காவ அடிப்பேளா?"

அவருக்குப் புரையேறிவிட்டது. மற்ற வாச்சர்கள் அவர் முதுகில் தட்டிச் சிரித்தார்கள்.

"அடிக்காத ஆம்பிளை உண்டா பிள்ள?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எங்கப்பா அம்மாவ அடிக்கமாட்டா."

"அது பட்டணத்து நடப்பு. இங்க ஒரு தட்டு தட்டாட்டி பொம்பளை தலைல ஏறிருவா."

"எதுக்கெல்லாம் தட்டுவேள்?"

நான் அடுப்படியில் சுவரோடு ஒட்டி நின்றேன். கால் மண்ணுக்குள் புதைந்துவிட்டால் நல்லது என்று இருந்தது. அவர் என்னமோ சொல்லிச் சமாளித்தார். அன்று வீட்டுக்குப் போனால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் பேசாமல் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார். அந்தக் கேள்வி அவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கவேண்டும். கொஞ்ச நாளைக்கு அவர் கை ஓங்கவில்லை. ஆனால் அவள் மேல் ஒரு காய்ச்சல் அவருக்கு அன்றே பிடித்துவிட்டது.

அழுவதற்கும் அவள் கூச்சப்படமாட்டாள். எரித்த முதல் துண்டில், சாம்பல் ஆறிய பிறகு, ஓடு வெடித்துச் செத்துக் கிடந்த ஒரு காட்டாமையைக் கண்டாள். எல்லார் முன்னாலும் உட்கார்ந்து, குரல்விட்டு அழுதாள். முழங்கால் வரை கரி. கண்ணைத் துடைத்த இடமெல்லாம் கறுப்பு. "நாமதானே வெச்சோம் சார், நாமதானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சார் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அன்றிலிருந்து கொளுத்துவதற்கு முன்னால் வாச்சர்கள் வரிசையாக நடந்து, புல்லைக் கம்பால் தட்டி, ஆமை, முயல், கூட்டுக்குஞ்சு இருந்தால் எடுத்து வெளியே விடவேண்டும் என்று சார் ஏற்பாடு செய்தார். அதை அழுது வாங்கியவள் இவள்.

இனி அந்தச் சரிவைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுதுவதற்கே கூசுகிறது.

முகாமுக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு சரிவு இருந்தது. உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கும். லயத்தில் கக்கூஸ் கிடையாது. எஸ்டேட் நன்றாக இருந்த காலத்தில் கட்டியதெல்லாம் இடிந்து வெகுநாள் ஆயிற்று. ஆண்கள் ஓடைப் பக்கம் போய்விடுவார்கள். பெண்களுக்கு அந்த உண்ணிச்செடிதான் சுவர். விடியுமுன்னே எழுந்து, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய்விட்டு வருவோம்.

உண்ணிச்செடியைத் தீ என்ன செய்யும் என்று பார்க்க அந்த வருஷம் அந்தச் சரிவைத்தான் எடுத்தார்கள். ஒரே மத்தியானத்தில் எரிந்து முடிந்தது. மறுநாள் காலை, மறைவுக்கு ஒரு செடி இல்லாமல், மலை மொட்டையாகக் கறுத்துக் கிடந்தது. பெண்கள் நாங்கள் பெரிய பாறையைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஈத்தை மூங்கில் புதருக்குள் போக ஆரம்பித்தோம். யாரும் யாரிடமும் புகார் சொல்லவில்லை. சொல்லுகிற விஷயமா அது?

எல்லாவற்றையும் கேட்கிற அந்தப் பெண் அதை மட்டும் கேட்கவில்லை. முகாமில் சாக்குப்படுதா கட்டிய ஒரு கக்கூஸ் அவளுக்கு இருந்தது. எங்களுக்கும் எங்கேயாவது ஒன்று இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

சில நாள் கழித்து அடுக்களைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, ஒரு தடம் கண்டுபிடிச்சிருக்கேன்! புதுசு. புல்லு நன்னா மிதிபட்டுப் படிஞ்சிருக்கு. எரிஞ்ச எடத்த விட்டுட்டு ஏதோ கூட்டமா அந்தப் பக்கம் மாறியிருக்கு."

"பன்னியா இருக்கும் மக்ளே."

"இருக்கட்டுமே. தீ வெச்சப்புறம் யார் எங்க மாறிப்போறான்னு பாக்கறதுதானே நம்ம வேலையே. இன்னிக்கே கேமரா கட்டப்போறேன்."

மரத்தில் கட்டுகிற கேமரா அது. ஒரு பெட்டிக்குள் இருக்கும். முன்னால் ஏதாவது நடமாடினால் தானே படம் எடுத்துக்கொள்ளும், இருட்டானால் தானே வெளிச்சமும் அடிக்கும். உள்ளே ஃபிலிம் ரோல். கேமராவுக்கு முன்னால் மனுஷர் கால் வைத்தால் வாசனை பிடித்து மிருகம் வராது என்பதால், தடம் தொடங்குகிற இடத்திலேயே நின்று, உள்ளே பார்க்கிற மாதிரி கட்டிவிட்டு வந்துவிட்டாள். நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. பன்றித் தடம் எனக்கு எதற்கு?

அதற்குப் பிறகு ஒரு விடியற்காலை, நாங்கள் மூன்று பேர் பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது, பளிச்சென்று ஒரு வெளிச்சம் வந்துபோனது. எங்களில் ஒருத்தி பக்கத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண். கையில் மருதாணிச் சிவப்புகூடப் போகவில்லை. அவள் புருஷனும் வாச்சர்தான்.

"மின்னுது மதினி. மழை வருமோ?" என்றாள் அவள்.

"வந்தா நல்லதாக்கும். தீ அடங்கும், ஆம்பிளைங்க வீட்டுக்கு வருவாங்க" என்றேன் நான்.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். இடி கேட்கவில்லை. தூரத்தில் எங்கேயோ மின்னியிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அப்போது இன்னொரு தடவை பளிச்சென்றது. மழை வரப்போகிறது என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்குத் திரும்பினோம்.

கழுவின படங்கள் முகாமுக்கு வந்தால் அன்று திருவிழாதான். சாப்பாட்டு மேஜையில் படங்களை வரிசையாகப் பரப்புவார்கள். சார், பிள்ளைகள், வாச்சர்கள், வேடிக்கை பார்க்க லயத்து ஆண்கள் என்று எல்லாரும் கூடிவிடுவார்கள். இது மிளா, இது கேழை, இல்லை கேழை இல்லை என்று சத்தம் போடுவார்கள். சாருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை ஒன்றுவிடாமல் மேஜைக்கு வரவேண்டும். இலை ஆடியதால் விழுந்த வெறும் படமானாலும் வரவேண்டும். ஒன்றை ஒளித்தால் முழுக்கணக்கும் கள்ளம் என்பார்.

அந்த ரோலை அவள் வீட்டுக்குப் போனபோது கேமராப் பெட்டியோடேயே எடுத்துப்போய், சாலைக் கடைத்தெரு ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்திருந்தாள். முதல் பஸ்ஸில் திரும்பி வந்தாள். சாரைப் பார்க்கவில்லை, நேராக அடுக்களைக்கு வந்தாள்.

"கதவச் சாத்தட்டுமா அக்கா?"

முகாமில் அவள் ஒரு கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. சாத்திவிட்டு, பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அரிவாள்மணைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்களே பாருங்கோ. நான் கொஞ்சம்தான் பாத்தேன். என்னன்னு புரிஞ்சதும் மத்தத பாக்கலை. சத்தியமா பாக்கலை அக்கா."

மேலே இருந்தது ஒரு புலி. புள்ளிப்புலி என்று நாங்கள் சொல்கிற சிறுத்தை. பட்டப்பகலில், வாலைத் தூக்கி, பின்னால் பூனை அளவுக் குட்டியோடு அந்தத் தடத்தில் நடந்து வருகிறது. எரிந்த காட்டை ஒட்டிக் குட்டியோடு புலி வருமா என்று சார் வருஷக்கணக்காகக் காத்திருந்தது இந்தப் படத்துக்குத்தான். அதற்கு அடியில் நாங்கள் இருந்தோம்.

பாறையை அடையாளம் தெரிந்தது. என் நீலப் பூப்போட்ட சேலையை அடையாளம் தெரிந்தது. புதுப்பெண்ணின் முகம் நன்றாக விழுந்திருந்தது. ஒரு படத்தில் மூன்று பேரும், உட்கார்ந்தபடியே, வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுப்பில் கொதிக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. என் உடம்பை யாரோ தெருவில் தூக்கிப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"ஆரு ஆரு பாத்தது?"

"ஸ்டூடியோக்காரர். கவரக் கையில குடுக்கறச்சே அவர் என் முகத்தப் பாக்கல. அப்போ எனக்கு ஏன்னு தெரியல." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அக்கா, நான் போய் சார்கிட்டச் சொல்லிடறேன். கேமராவ வெச்சது நான். தப்பு என்னோடது. படத்தக் காட்டமாட்டேன், நடந்தத மட்டும் சொல்லிடறேன். அந்தப் பொண்கள் எல்லார்கிட்டயும் மன்னிப்பும் கேட்டுக்கறேன்."

"வேண்டாம் பிள்ள."

"சார் புரிஞ்சுப்பார்."

"சாருக்குப் புரியும். மேசையச் சுத்தி நிக்கறது சார் மட்டுமா? ஏன் படம் வரலன்னு வாச்சர்மார் கேப்பாங்க. பொம்பளைங்க படம்னு ஒரு வார்த்தை வெளிய போனா போதும். ஆரு பொண்டாட்டி, ஆரு பொண்டாட்டின்னு லயம் முழுக்கப் பேச்சு ஓடும். படத்தப் பாக்காமலே எல்லாரும் பாத்துருவாங்க." எனக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "என்னை விடு, நான் கெழடாகப் போறவ. அந்தச் சின்னப்பிள்ள வந்து ஒரு மாசம் ஆகல. அவ புருஷன் அவள ஊருக்குத் திருப்பி அனுப்பிருவான்."

அவள் அந்தப் பெண்ணின் படத்தையே கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாதே அக்கா."

புலிப்படத்தைத் தனியே எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். "இத மட்டும் வச்சுக்கோ. ஒனக்கு வேணும்."

"ஒண்ணக் காட்டினா மத்தது எங்கேம்பார். நெகட்டிவ்ல எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு."

புலியை ஒருதரம் விரலால் தடவினாள். பிறகு, "உங்கள ஒண்ணு கேட்டுக்கறேன். அதே தடத்துல இதுவும் வரது. நீங்க யாரும் இனிமே அங்க போகப்படாது" என்றாள். சொல்லிவிட்டு அதை முதலில் அடுப்புக்குள் விட்டாள். அப்புறம் மற்றவற்றை. கடைசியில் ஃபிலிம். அது சுருண்டு, பொங்கி, அடுக்களை முழுக்க நாறிற்று.

வெளியிலிருந்து என் வீட்டுக்காரர், "ஏட்டி, என்ன கரியுது?" என்று சத்தம் போட்டார்.

"பிளாஸ்டிக் கவரு விழுந்துட்டுது" என்றேன். எனக்குப் பொய் சுலபமாக வந்தது.

சாயங்காலம் டீக்கு எல்லாரும் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். புதுப்பெண்ணின் புருஷனும் இருந்தான். சார் சந்தோஷமாகக் கையைத் தேய்த்துக்கொண்டு, "மோளே, ரோல் எவிடே?" என்று கேட்டார்.

"கெட்டுப்போயிடுத்து சார். பெட்டியோட பின்மூடியத் தெறந்துட்டேன். வெளிச்சம் பட்டுடுத்து."

சார் கண்ணாடியைக் கழற்றினார். எங்கே திறந்தாய் என்றார். வீட்டில் என்றாள். எதற்குத் திறந்தாய் என்றார். அந்தக் கேள்விக்கு அவள் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. நின்றாள். காது இரண்டும் சிவந்துவிட்டன. ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அடுக்களை வாசலில் டீத்தட்டோடு நின்ற என்னைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"சும்மா சார். உள்ள எப்படி இருக்குன்னு பாக்கத்தான்."

வாச்சர்கள் சிரித்தார்கள். "உள்ள என்ன, புலி இருந்துச்சா?" என்றான் புதுப்பெண்ணின் புருஷன். இன்னும் பெரிய சிரிப்பு. என் வீட்டுக்காரர் காத்திருந்தவர் மாதிரி, "இதுக்குத்தான் பொம்பளைப் பிள்ளைகளக் காட்டுக்குக் கொண்டுவரப்படாதுங்கேன். வாய் மட்டும் இருக்கும்" என்றார். சார் திட்டவில்லை. இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். கேர்லெஸ் என்ற ஒரு வார்த்தை எனக்குப் புரிந்தது. அவருக்கு உண்மை தெரிந்திருந்தால் அவரே தன் கையால் அதைத் தீயில் போட்டிருப்பார், எனக்கு நிச்சயம். அவரிடம் சொல்லாதே என்று தடுத்தவள் நான்தான். டீயை ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து அவளைக் கேமரா தொடவிடவில்லை. பின்கட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து காய்ந்த இலையை நிறுத்துப் பைபையாகக் கட்டுகிற வேலை. டீயை வாங்கிக்கொண்டு அவளும் அங்கேயே போய்விடுவாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தாங்கமுடியாமல் போனது அதுதான். யார் எவ்வளவு சொல்லியும் அடங்காத ஒரு வாயை ஒரே நாளில் அடைத்துவிட்டோம்.

லயத்துப் பெண்களிடம், பாறைக்கு அந்தப் பக்கம் குட்டிபோட்ட புலி வருகிறது என்று மட்டும் சொன்னேன். யார் பார்த்தது என்று கேட்டார்கள். டிரெயினிங் பிள்ளை பார்த்தது என்றேன். "அவ கண்ணத் தெறந்து பாத்தாளா, பெட்டியத் தெறந்து பாத்தாளா?" என்று கேட்டுச் சிரித்தாள் அந்தப் புதுப்பெண்.

காலம் முடியுமுன்னே அவள் கிளம்பிவிட்டாள். சார் ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தார். வந்தாள், இருந்தாள், போனாள் என்கிற அளவுக்குத்தான் அதில் எழுதியிருக்கிறார், மேல்படிப்புக்கு அது உதவாது என்று மற்றப் பிள்ளைகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஜீப் புறப்படுமுன் அடுக்களைக்கு வந்து என் கையைப் பிடித்தாள்.

"நான் உங்கள்ட்ட கேட்டிருக்கணும் அக்கா. நீங்கள்ளாம் எங்க போறேள்னு. கண்டதெல்லாம் கேட்டேன், இத கேக்கல."

"நீ கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன் மக்ளே."

அவள் தலையை ஆட்டினாள். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது, ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். மேல்படிப்புக்குப் போனாளா, காட்டுவேலையை விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியாது. இப்போது நான் கழக்கூட்டம் என்கிற ஊரில் மகளோடு இருக்கிறேன். கிழக்கேகோட்டையில் பஸ் மாறும்போதெல்லாம் அந்தத் தெருக்கள் பக்கம் பார்ப்பேன். போய் விசாரித்ததில்லை. என்ன சொல்லி விசாரிப்பது?

அடுத்த தீக்காலத்துக்குப் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். முற்றத்தில் வைத்து அவர்களுக்குக் கேமரா கட்டக் காட்டிக்கொடுத்தார்கள். பாடத்தைத் தொடங்கியதே அவளை வைத்துத்தான். "ஃபிலிம் ரோலை எப்படிக் கெடுக்கறதுன்னு படிக்கணுமா? போன வருசம் ஒரு பொண்ணு இருந்தா..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். பெட்டியைத் திறந்து உள்ளே கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரி நடித்துக் காட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாரும் லேசாகச் சிரித்தார்.

நான் தோசைக்கரண்டியோடு வெளியே வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. அத்தனை ஆண்களின் முகங்களும் என் பக்கம் திரும்பின.

"அந்தப் பிள்ளையச் சொல்லாதீங்க."

சார்தான் கேட்டார், "எந்தா சேச்சி?"

சொல்வதற்கு எனக்கு எல்லாம் இருந்தது, எதையும் சொல்லமுடியாது. சுவரைப் பார்த்தேன். "அவ... நல்லா வேலை செய்த பிள்ளையாக்கும்" என்றேன். உள்ளே போய்விட்டேன். பின்னால் யாரோ, "சேச்சிக்கு வாய் இருக்கு, கேட்டீங்களா!" என்றார்கள். மறுபடி சிரிப்பு கிளம்பியது. இந்தத் தடவை என்னைப் பார்த்து. அது எனக்கு வேண்டியதுதான்.

அன்று வேலை முடிந்து லயத்துக்கு இறங்கினோம். எரிந்த சரிவில் புல் தளிர்த்திருந்தது. உண்ணிச்செடியும் திரும்ப முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. முன்னால் நடந்த என் வீட்டுக்காரர் திரும்பி நின்றார். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஏட்டி, அந்தப் பிள்ளையச் சொன்னா ஒனக்கு என்ன இம்புட்டு ரோசம்? அவ ஒனக்கு ஆரு?"

விறகுக்கட்டைத் தலையில் சரிசெய்துகொண்டேன்.

"ஆருமில்ல" என்றேன்.